பனிக்கு எடை போட்ட கதை: மூணு தராசு, ஒரு பதில்

இன்னிக்கு ஒரு சின்னக் கேள்வியோட வரலாறு. அண்டார்டிகாவுலயும் கிரீன்லாந்துலயும் இருக்கிற பனிப்படலம் கூடுதா, குறையுதா? கேட்க ஒரு வரிதான். ஆனா 2012 வரைக்கும் இதுக்கு எல்லாரும் ஒத்துக்கிற ஒரு பதில் கிடையாது. பல ஆய்வுகள் குறையுதுன்னு சொல்லிச்சு, சில ஆய்வுகள் கூடுதுன்னு சொல்லிச்சு. கடல் எவ்வளவு ஏறும்னு கணக்குப் போட இந்தப் பதில்தான் அடிப்படை. அதுவே ஆட்டம் கண்டுட்டு இருந்தது.

அண்டார்டிகா பனிப்படலத்தோட பரப்பு சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர். சில இடங்கள்ல அதோட தடிமன் 4 கிலோமீட்டரையும் தாண்டும். அதுல வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் மாற்றத்தைக் கண்டுபிடிக்கணும். அவ்வளவு பெரிய இடத்தைத் தரையில நின்னு அளக்கிறது நடக்காத காரியம். அதனால சாட்டிலைட்.

முதல் தராசு: உயரம்

1991 ஜூலையில ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஈஆர்எஸ்-1 சாட்டிலைட்டை அனுப்பிச்சு. ஐடியா எளிமை. மேலிருந்து ரேடார் துடிப்பை அனுப்பு, அது பனியில பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாரு, தூரம் கிடைச்சிடும். சில வருஷம் கழிச்சு அதே இடத்தை மறுபடி அளந்தா, உயரம் மாறியிருக்கான்னு தெரியும். இப்படித்தான் மேற்கு அண்டார்டிகாவின் பைன் ஐலண்ட் பனியாறு 1992க்கும் 1999க்கும் நடுவுல வருஷத்துக்கு 1.6 மீட்டர் வரைக்கும் மெலிஞ்சதை ஆண்ட்ரூ ஷெப்பர்ட், டங்கன் விங்கம் குழு 2001ல காட்டினாங்க.

ஆனா இந்த முறையில ரெண்டு ஓட்டை. ஒண்ணு நிஜமாவே ஓட்டை: ஈஆர்எஸ் பாதை 81.5 டிகிரிக்கு மேல போகாது, அதனால துருவத்தைச் சுத்தி ஒரு பெரிய வட்டம் காலி. இன்னொண்ணு சரிவு. ரேடார் பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவி விழும். பனி சரிவா இருந்தா, நேர் கீழே இருக்கிற புள்ளியிலிருந்து இல்லாம, பக்கத்துல மேடா இருக்கிற புள்ளியிலிருந்துதான் முதல் எதிரொலி வரும். கொடுமை என்னன்னா, பனி வேகமா கரையறது அந்தச் சரிவான ஓரங்கள்லதான்.

இதைச் சரிபண்ண, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் பேராசிரியரான விங்கம் முன்வைத்ததுதான் கிரையோசாட். ரெண்டு ஆன்டெனா, அதனால எதிரொலி எந்தக் கோணத்துலேர்ந்து வருதுன்னும் தெரியும். பாதை 88 டிகிரி வரைக்கும் போகும்.

ஒரு கட்டளை குறைஞ்சது

2005 அக்டோபர் 8. ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் ஏவுதளம். பழைய ஏவுகணையை மாத்தி அமைச்ச ராக்கெட். சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிற என்னை இந்தக் கதையில ரொம்ப உலுக்கின பகுதி இதுதான். இரண்டாம் அடுக்கு எஞ்சினை நிறுத்தச் சொல்லும் கட்டளை, ராக்கெட்டோட கட்டுப்பாட்டு அமைப்புலேர்ந்து வரவே இல்லை. எஞ்சின் எரிபொருள் தீர்ற வரைக்கும் ஓடிச்சு, மேலடுக்கு பிரியல, கிரையோசாட் ஆர்க்டிக் கடல்ல விழுந்துடுச்சு. எந்தப் பனியை அளக்கக் கிளம்பிச்சோ, அதுக்குப் பக்கத்துலயே.

நம்ம வேலையில சர்வர் விழுந்தா ரோல்பேக் பண்ணிடுவோம். இங்கே பல வருஷ உழைப்பு சில நிமிஷத்துல போச்சு. ஆனாலும் 2006 பிப்ரவரியிலேயே மறுபடி கட்ட அனுமதி கிடைச்சது. கிரையோசாட்-2, 2010 ஏப்ரல் 8 அன்னிக்குக் கிளம்பி ஒழுங்கா மேல போச்சு.

இரண்டாவது, மூணாவது தராசு

இதுக்கு முன்னாடியே, 2002 மார்ச்சுல, அதே பிளெசெட்ஸ்கிலேர்ந்து நாசாவும் ஜெர்மனியும் சேர்ந்து கிரேஸ்னு ரெட்டை சாட்டிலைட்டை அனுப்பியிருந்தாங்க. செல்லப் பேரு டாம் அண்ட் ஜெர்ரி. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா, சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில துரத்திட்டே போகும். கீழே நிறை அதிகமான இடம் வந்தா, முன்னால போறதை அது கொஞ்சம் முன்னாடி இழுக்கும், இடைவெளி மைக்ரோமீட்டர் அளவுல மாறும். அதை அளந்தா, கீழே இருக்கிற நிறை எவ்வளவு மாறியிருக்குன்னு தெரியும். உயரத்தை விட்டுட்டு நேரா எடையையே பார்க்கிற வழி.

மூணாவது, வரவு செலவுக் கணக்கு. விழற பனி வரவு. கடலுக்கு வழிஞ்சு போற ஐஸ் செலவு. வழியற வேகத்தை ரேடார் படங்களை ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பாங்க.

மூணும் நல்ல முறைதான். அப்புறம் ஏன் விடை ஒத்துப்போகல? காரணம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு திருத்தம் தேவை. உயரம் 1 மீட்டர் கூடினா, அது புதுப்பனியா, கெட்டி ஐஸா? எடையில கிட்டத்தட்ட மூணு மடங்கு வித்தியாசம். கிரேஸுக்கு வேற சிக்கல்: பனியுகத்து ஐஸ் பாரம் இறங்கினதால அண்டார்டிகாவுக்கு அடியில இருக்கிற பாறை இன்னும் மெதுவா மேலெழும்புது. கிரேஸ் அதையும் எடை கூடினதாவே எண்ணிடும். மூணாவது முறையில, ரெண்டு பெரிய எண்களைக் கழிச்சு ஒரு சின்ன எண் வரணும். எதுல கொஞ்சம் தப்பினாலும் விடை தலைகீழ். இந்தத் துறையில பிஎச்டி பண்றவங்க பலரோட வருஷங்கள் போறது இந்தத் திருத்தங்களுக்குள்ளதான்.

ஒரே மேசையில

தீர்வு புது சாட்டிலைட்டால வரல. ஷெப்பர்டும், நாசாவின் எரிக் ஐவின்ஸும் 26 ஆய்வுக்கூடங்களைச் சேர்ந்த 47 பேரைக் கூட்டினாங்க. திட்டத்தோட பேரு இம்பி. விதி இதுதான்: எல்லாரும் ஒரே வரைபட எல்லை, ஒரே கால அளவு, ஒரே மாதிரி திருத்தங்களை வெச்சு மறுபடி கணக்குப் போடணும். நம்ம பாஷையில, எல்லா கோடையும் ஒரே டெஸ்ட் டேட்டாவுல ஓட்டறது.

2012 நவம்பர்ல முடிவு வந்தது. முறைகள் பெரும்பாலும் ஒத்துப்போச்சு. 1992லேர்ந்து 2011 வரை ரெண்டு பனிப்படலமும் சேர்ந்து கடல்மட்டத்தை சுமார் 11 மில்லிமீட்டர் ஏத்தியிருந்தது. அதே அறிக்கையில கிழக்கு அண்டார்டிகாவுக்கு வருஷத்துக்கு 14 கிகாடன் கூடுதல், பிழை வரம்பு 43. அதாவது கூடுதா குறையுதான்னே சொல்ல முடியாது. அதை மறைக்காம அப்படியே அச்சிட்டாங்க. எனக்கு அந்த 43 மேலதான் மரியாதை.

2023ல வந்த இம்பி கணக்குப்படி, 1992 முதல் 2020 வரை போன ஐஸ் 7,560 கிகாடன், கடல்மட்ட உயர்வு 21 மில்லிமீட்டர். 1992-96ல வருஷத்துக்கு 105 கிகாடனா இருந்த இழப்பு, 2016-20ல 372 ஆயிடுச்சு.

இந்த ஒப்பீடு சாத்தியமானதே தொடர் அறுந்துபோகாததாலதான். நாசாவோட ஐஸ்சாட் லேசர் 2009ல நின்னுச்சு, அடுத்தது 2018ல தான் போச்சு. ஐரோப்பாவின் என்விசாட் 2012ல மௌனமாச்சு. அந்த வருஷங்கள்ல மேலிருந்து துருவங்களோட உயரத்தை அளந்துட்டு இருந்தது கிரையோசாட்-2. கடல்ல விழுந்ததோட போதும்னு 2006ல விட்டிருந்தா, வேகம் கூடுதுன்னு சொல்ல உதவற உயரக் கணக்குல நடுவுல ஒரு பெரிய ஓட்டை விழுந்திருக்கும்.