பேறுகாலக் காயம்: யார் கேட்டார்கள், எதற்காகக் கேட்டார்கள்?

கொடிய பிரசவ அனுபவத்தைக் கடந்துவந்த பெற்றோருக்கு இணையவழியில் குழு உளச்சிகிச்சை அளிக்கும் முயற்சிகள் பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் பல நாடுகளில் பெருகியுள்ளன. இதனைத் தொழில்நுட்பத்தின் கொடை என்று மட்டும் பார்ப்பது வரலாற்று மாணவருக்குப் போதாது. பிரசவம் மனத்தைக் காயப்படுத்தக்கூடும் என்று ஏற்கவே மருத்துவத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்தத் தாமதத்துக்கான காரணங்கள் இன்றைய சிகிச்சைக்குள்ளும் தங்கியிருக்கின்றன என்பது என் வாதம்.

19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவர்கள் பேறுகால மனநோயை அறியாதவர்கள் அல்லர். லூயி விக்தோர் மார்செ 1858இல் பாரிசில் அதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். ஆனால் அக்கால மருத்துவம் காரணத்தைப் பெண்ணின் உடலிலும் பரம்பரையிலும் தேடியது. பிரசவ அறையில் அவளுக்கு என்ன நேர்ந்தது என்பது கேள்வியாகவே எழவில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபூர்க் நகரில் ஸ்கோபொலமினையும் மார்ஃபினையும் சேர்த்துக் கொடுக்கும் 'அந்திமயக்க' முறை புகழ்பெற்றது. அது வலியை முழுவதும் அகற்றவில்லை. வலியின் நினைவை அகற்றியது. மயக்கத்தில் துள்ளிய பெண்களைக் கட்டிவைக்க வேண்டியிருந்தது. நினைவில்லாத துன்பம் துன்பமாகுமா என்ற கேள்விக்கு அன்றைய மருத்துவமனை தனக்கு வசதியான விடையையே வைத்திருந்தது.

அந்த விடையை உடைத்தவை கடிதங்கள். பிரசவ அறைகளில் நிகழும் கொடுமைகளை விசாரிக்கக் கோரி ஒரு செவிலியர் எழுதிய கடிதத்தை அமெரிக்காவின் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழ் வெளியிட்டது. அதைத் தொடர்ந்து குவிந்த தாய்மாரின் அனுபவங்கள் 1958 மே மாதம் அச்சேறின. கைகளைக் கட்டிப்போட்டார்கள், தனியே விட்டுப் போனார்கள், மருத்துவர் வரும்வரை குழந்தை வெளிவராதபடி தடுத்தார்கள் என்று அவர்கள் எழுதினார்கள். ஒருவரையொருவர் அறியாத அப்பெண்கள், தமக்கு நேர்ந்தது தமக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதை இதழின் பக்கங்களில் கண்டார்கள். குழுச் சிகிச்சையின் முதன்மையான பயனாக இன்று சொல்லப்படுவதும் இதுவே. ஒரு வேறுபாடு உண்டு: அவர்கள் எழுதியது முறையீடு. நோய்க்குறி என்று அதற்கு எவரும் பெயரிடவில்லை.

நோய்க்குறியாக ஏற்கப்படுவதும் எளிதாக இருக்கவில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய அதிர்ச்சி நோயைப் பற்றி மோனிக் பிட்லோவ்ஸ்கி முதலியோர் பிரான்சில் 1978இலேயே எழுதினர். ஆயினும் 1980இல் வந்த அமெரிக்க உளநோய்ப் பகுப்புக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, பேரதிர்ச்சி தரும் நிகழ்வைப் பொதுவாக மனித அனுபவத்தின் வழக்கமான எல்லைக்கு அப்பாற்பட்டது என்று விளக்கியது. நாள்தோறும் எங்கும் நிகழும் பிரசவத்துக்கு அவ்விளக்கத்தில் இடமேது? 1994இன் நான்காம் பதிப்பு அச்சொற்களைக் கைவிட்டு, உயிருக்கு நேர்ந்த அச்சுறுத்தலையும் அதில் உண்டான கையறு நிலையையும் அளவுகோலாக்கிய பிறகே ஆய்வுகள் பெருகின. 'பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி' என்று நம்மிடையே சொல்வதுண்டு. ஆபத்தை அறிந்த சொல்தான். ஆனால் எல்லோருக்கும் உள்ளதுதானே என்று வாயடைக்கவும் அதுவே பயன்படுகிறது. கையேடு செய்ததும் ஏறத்தாழ அதைத்தான்.

குழுச் சிகிச்சையின் மரபு வேறிடத்திலிருந்து வருகிறது. பாஸ்டனில் ஜோசப் பிராட் 1905இல் ஏழைக் காசநோயாளிகளைக் கூட்டி நடத்திய வகுப்புகளும், இரண்டாம் உலகப்போரின்போது பர்மிங்காமின் நார்த்ஃபீல்டு ராணுவ மருத்துவமனையில் பியோனும் ஃபூக்ஸும் செய்த சோதனைகளும் அதன் முன்னோடிகள். படைவீரனின் அதிர்ச்சிக்காக உருவான முறை தாயை வந்தடைய அரை நூற்றாண்டு ஆயிற்று.

பேசினால் மனம் ஆறிவிடும் என்ற எளிய நம்பிக்கையையும் வரலாறு சோதித்திருக்கிறது. மெல்பர்னில் சிசேரியன் அல்லது ஆயுதப் பிரசவம் ஆன 1041 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2000இல் வெளியாயிற்று. வீடு திரும்புமுன் மகப்பேற்றுச் செவிலியருடன் ஒருமுறை மனம்விட்டுப் பேசிய பெண்களிடம், ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு குறைந்திருக்கவில்லை. சிலருக்கு அது தீங்காகவும் அமைந்திருக்கலாம் என்பதை மறுக்க இயலாது என ஆய்வாளர்களே எழுதினர். ஒருமுறை கொட்டித் தீர்ப்பதும், காலம் கடந்து பயிற்சி பெற்றவர் வழிநடத்தப் பல வாரங்கள் கூடுவதும் ஒன்றல்ல. முந்தையதன் தோல்வியைக் கொண்டு பிந்தையதை நிராகரிக்கவும் முடியாது. பிந்தையதன் பெயரால் முந்தையதை விற்கவும் கூடாது.

இந்தியாவில் இக்கதை இன்னும் தொடக்கத்தில்தான் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009இல் தொடங்கிய தாய்-சேய் உளநலப் பிரிவு இங்கு ஒரு திருப்பம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்கிறது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுநெறிகள் இணையவழி ஆலோசனைக்குத் தெளிவான சட்ட அடிப்படை தந்தன. ஆனால் பிரசவித்த பெண் தாய்வீட்டின் ஓரறையில் மாமியும் அத்தையும் சூழப் படுத்திருக்கையில், கைப்பேசித் திரையில் எவ்வளவு பேசிவிட முடியும்? மருத்துவமனையின் பூட்டிய கதவு இங்கே குடும்பத்தின் காதாக மாறுகிறது.

'பெற்றோர்' என்ற சொல்லில் தந்தையும் அடக்கம். அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்கும் 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு நெறி, முதன்மையாகப் பெண் துணையையே கருதியது. தனிமைக்கு வசதியுள்ள இடங்களில் மட்டும் கணவனுக்கு அனுமதி உண்டு. அவ்வசதி இல்லாத பொது வார்டுகளில் அவன் கதவுக்கு வெளியே நிற்கிறான். குழுவில் அவன் சொல்லக்கூடியது, கண்டதை அன்று. கதவின் வழியே கேட்டதையும், அதன்பின் எவரும் வந்து எதையும் சொல்லாத நேரத்தையுமே.