வெர்சாயிலிருந்து வந்த அதிகாரப் பத்திரம்

வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர் 1862 ஜூன் 9 அன்று கொல்கத்தாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். லண்டனின் கிரேஸ் இன்னில் சட்டம் பயின்று பாரிஸ்டராகத் திரும்புவது அவரது நோக்கம். அப்போது அவருக்கு வயது 38. ‘மேகநாதவத காவியம்’ வெளிவந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. புறப்படுமுன் தம் நிலங்களுக்கு அவர் செய்த ஏற்பாடும், அது குலைந்தபின் பிரான்சிலிருந்து செய்த மறு ஏற்பாடும் பொதுவாக ஒரு கவிஞனின் வறுமைக் கதையாகவும் ஈசுவர சந்திர வித்யாசாகரின் வள்ளன்மைக் கதையாகவும் சொல்லப்படுகின்றன. சட்ட வரலாற்றை ஆராய்பவர் இதே நிகழ்வில் வேறொன்றையும் காணலாம். கடல்கடந்து வாழ்பவர் தம் சொத்தை மற்றொருவர் கையால் ஆள நேரும்போது எந்த இடத்தில் ஏற்பாடு முறிகிறது, அந்த முறிவில் எவ்வளவைச் சட்டத்தால் தாங்க முடிகிறது என்பதற்கு இது தெளிவான சான்று.

தொலைவிலிருப்பதன் விலையை மதுசூதனர் முன்பே அறிந்தவர். 1848 தொடங்கி ஏறத்தாழ எட்டாண்டுகள் அவர் சென்னையில் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் வாழ்ந்தார். அவரது ஆங்கிலக் காவியமான ‘தி கேப்டிவ் லேடி’ 1849இல் சென்னையில்தான் அச்சாயிற்று. அந்த ஆண்டுகளில் தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்தனர். குடும்பச் சொத்தை உறவினர் கைப்பற்ற முனைந்தனர். நண்பர் கௌர்தாஸ் பசாக் எழுதித் தெரிவித்த பிறகே அவருக்குச் செய்தி முழுமையாகக் கிட்டியது. 1856 பிப்ரவரியில் கொல்கத்தா திரும்பி, வழக்காடி உரிமையை மீட்டார். ஊரில் தமக்காக நிற்க ஒருவருமில்லாமல் போனதன் விளைவு அது.

ஆகவே 1862இல் அவர் எச்சரிக்கையாகவே நடந்துகொண்டார். நிலங்கள் மகாதேவ் சட்டோபாத்யாயருக்குப் பத்தனியாக விடப்பட்டன. நிலையான வாடகைக்கு நிரந்தரமாக விடப்படும் இடைநிலை உரிமையே பத்தனி. 1819ஆம் ஆண்டின் எட்டாம் ஒழுங்குவிதி அதை ஒழுங்குபடுத்தியிருந்தது. மகாதேவர் செலுத்த வேண்டிய தொகைக்குத் திகம்பர் மித்ர பிணை நின்றார். மனைவி ஹென்ரியெட்டாவும் குழந்தைகளும் கொல்கத்தாவில் தங்குவர், அவர்களுக்கு மாதம் 150 ரூபாய் சேரும், எஞ்சியது லண்டனுக்கு வரும் என்பது ஏற்பாடு. பிணை நின்றவர் அயலாரல்லர். ‘மேகநாதவத காவியம்’ காணிக்கையாக்கப்பட்டது அவருக்குத்தான்.

பணம் சிறிது காலமே வந்தது. ஹென்ரியெட்டா 1863 மார்ச்சில் குழந்தைகளுடன் கொல்கத்தாவை விட்டுப் புறப்பட்டு மே மாதம் இங்கிலாந்தை அடைந்தார். லண்டன் செலவு தாங்காமல் குடும்பம் அதே ஆண்டில் பிரான்சின் வெர்சாய்க்குப் பெயர்ந்தது. திகம்பரர் மீது மதுசூதனரின் கடிதங்கள் கடுமையான குற்றச்சாட்டுகளைச் சுமத்துகின்றன. அவை ஒரு தரப்பின் சொற்கள். பட்டினியின் விளிம்பில் எழுதப்பட்டவை என்பதையும் மறக்கலாகாது.

அந்த நிலையிலும் சட்டப் பரிகாரம் இல்லாமல் போய்விடவில்லை. பத்தனிதாரர் வாடகை நிலுவை வைத்தால், ஒழுங்குவிதி குறித்த நாளில் ஆட்சியரிடம் மனுச்செய்து அந்த உரிமையையே ஏலத்துக்குக் கொண்டுவர நிலவுடைமையாளரால் முடியும். பிணையாளி மீது வழக்கும் தொடுக்கலாம். ஆனால் மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகம் செல்ல வங்காளத்தில் ஓர் ஆள் வேண்டும். முதல் ஏற்பாட்டில் செலுத்துபவர் இருந்தார், செலுத்துவதற்குப் பொறுப்பானவர் இருந்தார். இருவரும் தவறினால் உடைமையாளரின் இடத்தில் நின்று கேட்க உரிமை பெற்ற மூன்றாமவர் இல்லை. அதன் ஓட்டை அதுதான்.

1864 ஜூன் 2 அன்று மதுசூதனர் வெர்சாயிலிருந்து வித்யாசாகருக்கு எழுதினார். சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் ஐந்தாண்டுகள் இருந்தன. அஞ்சல் எகிப்தைத் தரைவழியே கடந்து செல்ல வேண்டும். மறுமொழி வர ஏறத்தாழ மூன்று மாதமாயிற்று. ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை. குழந்தைகள் சந்தைக்குப் போக ஆசைப்படுகின்றனர், கையிலிருப்பதோ மூன்று பிராங்க் என்று ஹென்ரியெட்டா அழுதுகொண்டு வந்து சொன்னார். சிறிது நேரத்தில் வித்யாசாகரின் கடிதமும் 1,500 ரூபாயும் வந்து சேர்ந்தன. மதுசூதனரே எழுதிவைத்த இந்தக் காட்சி வங்காளப் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதையாகிவிட்டது.

கதை அதிகம் பேசாதது அதற்கடுத்த கட்டத்தை. நன்கொடை ஒரு குடும்பத்தைச் சில வாரங்களே காக்கும். நிலத்திலிருந்து பணம் திரட்டுவதற்கு அதிகாரப் பத்திரம் வேண்டும். வங்காளத்தில் ஆம்மோக்தார்நாமா என்றும், தமிழகத்தின் பழைய ஆவணங்களில் முக்தியார்நாமா என்றும், இன்றைய பேச்சில் பவர் பத்திரம் என்றும் வழங்குவது இதுவே. மதுசூதனர் பிரான்சிலிருந்து வித்யாசாகருக்கு அந்த அதிகாரத்தை அளித்தார். நிலங்களை ஈடுகாட்டிக் கடன் பெறப்பட்டது. காலமும் இக்கட்டானது. 1864ஆம் ஆண்டின் பதினாறாம் சட்டம், 1865 ஜனவரி முதல் நிலம் சார்ந்த முக்கிய ஆவணங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. இல்லாத உடைமையாளருக்காக அலுவலகத்தில் வந்து நிற்பவரின் அதிகாரம் எது என்ற கேள்வி முன்னைவிடக் கூர்மையாயிற்று.

கடன் கொடுத்தவர்கள் எதை நம்பிக் கொடுத்தனர்? ஈட்டுச் சொத்தையா, பத்திரத்தையா? இரண்டையும்விட வித்யாசாகரின் பெயரையே நம்பினர் என்று கொள்வதே பொருந்தும். அவரோ 1858இல் சமஸ்கிருதக் கல்லூரி முதல்வர் பதவியைத் துறந்தவர். நூல் விற்பனை வருவாயில் வாழ்ந்தவர். விதவை மறுமணங்களை நடத்திவைத்து ஏற்கெனவே கடன்பட்டிருந்தவர். கடன் கொடுத்தவர்களுள் ஒருவரான ஸ்ரீசசந்திர வித்யாரத்னர்தான் 1856 டிசம்பரில் வித்யாசாகர் நடத்திவைத்த முதல் சட்டபூர்வ விதவை மறுமணத்தின் மணமகன். உறவும் இயக்கமும் கடனும் பின்னிக்கிடந்த சிறிய உலகம் அது. 1862இல் வெளியான ‘வீராங்கனா காவியம்’ வித்யாசாகருக்குக் காணிக்கையாக்கப்பட்டது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். ஒரு நூலின் காணிக்கை பெற்றவர் பிணையாளியானார், மற்றொரு நூலின் காணிக்கை பெற்றவர் முகவரானார்.

மதுசூதனர் வாழ்ந்த காலத்திலேயே சட்டம் இந்தத் தொலைவைக் கவனிக்கத் தொடங்கியது. கொல்கத்தாவில் சட்ட உறுப்பினராயிருந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 85ஆம் பிரிவு, நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, குற்றவியல் நடுவர், பிரிட்டிஷ் தூதரக அலுவலர் ஆகியோருள் ஒருவர் முன் கையெழுத்தாகி அவரால் சான்றளிக்கப்பட்ட அதிகாரப் பத்திரத்தை முறையாக எழுதப்பட்டதாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்றது. (இதே ஸ்டீபன் பின்னர் நந்தகுமாரின் 1775ஆம் ஆண்டுப் போலிப்பத்திர வழக்கைப் பற்றி இரு தொகுதிகள் எழுதினார். அவ்வழக்கைத் தொடுத்த மோகன் பிரசாத், புலாகி தாஸின் சொத்து நிர்வாகிக்கு முகவராக நின்றவர். முகவர்கள் கொல்கத்தா நீதிமன்றத்துக்குப் புதியவர்களல்லர்.) அதிகாரப் பத்திரத்துக்கென்றே தனிச்சட்டம் 1882இல் வந்தது.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, இந்தியாவில் வசிக்காதவர் அனுப்பும் பத்திரத்துக்கும் ஏறத்தாழ இதே அலுவலர் வரிசையைத் தருகிறது. இன்று அதில் இந்தியத் தூதரக அலுவலர் இடம்பெறுகிறார். வெளிநாட்டில் எழுதப்பட்ட பத்திரம் இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும் என்பது 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. வெளிநாட்டு நோட்டரியின் சான்றும் 85ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1970இல் கலிபோர்னியாவில் எழுதப்பட்ட ஒரு பத்திரம் குறித்த வழக்கில் ஏற்றது. அங்கே முதல் பத்திரத்தின் குறை, கையெழுத்திட்டவர் இன்னாரென்று நோட்டரி உறுதிசெய்துகொண்டது அதில் தெரியாததே. 2005 முதல் ஹேக் உடன்படிக்கையின் அப்போஸ்டில் முத்திரையும் இந்தியாவில் செல்லுபடியாகிறது. 85ஆம் பிரிவு இப்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 84ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

இவ்விதிகள் அனைத்தும் ஒரே கேள்வியைச் சுற்றியே அமைந்தவை: கையெழுத்திட்டவர் உண்மையில் அவர்தானா? மதுசூதனரின் இடர் அந்தக் கேள்வியில் இல்லை. அவரது கையெழுத்தை யாரும் ஐயுறவில்லை. கணக்குக் காட்டுவது முகவரின் கடமை என 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 213ஆம் பிரிவு சொல்கிறது. கடலுக்கு அப்பாலிருந்து அந்தக் கணக்கைக் கேட்டுப் பெறும் வழியை அது சொல்வதில்லை. கொல்கத்தா வீட்டை உறவினர் பொறுப்பில் விட்டு டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ வாழ்பவர் தூதரக முத்திரைக்குச் செலுத்தும் கவனத்தில் பாதியையாவது அதிகார வரம்பு, கணக்கு, ரத்து ஆகியவை குறித்த வாசகங்களுக்குச் செலுத்துவதில்லை.

ஒப்பந்தச் சட்டத்தின் 222ஆம் பிரிவு மறுபக்கத்தைப் பேசுகிறது: அதிகாரத்துக்கு உட்பட்டு முகவர் செய்தவற்றால் வரும் இழப்பை உரியவர் ஈடுசெய்ய வேண்டும். மதுசூதனர் 1866 நவம்பரில் பாரிஸ்டராகி 1867 பிப்ரவரியில் கொல்கத்தா திரும்பினார். சொத்துக்காரரே ஊரில் இருக்கையில் அதிகாரப் பத்திரத்துக்கு வேலையில்லை. கடன் மட்டும் நின்றது. கடன் கொடுத்தவர்கள் வித்யாசாகரை நெருக்க, வித்யாசாகர் மதுசூதனருக்கு எழுதித் தம்மை மீட்குமாறு வேண்டினார். வருவாய்க்கு மிஞ்சி வாழ்ந்த பாரிஸ்டரோ, வெர்சாயிலிருந்து எதை அடகுவைத்து உயிர்பிழைத்தாரோ அந்த நிலங்களை விற்றே அக்கடனைத் தீர்க்க வேண்டியிருந்தது. அவர் 1873 ஜூன் 29 அன்று அலிப்பூர் மருத்துவமனையில் இறந்தார். ஹென்ரியெட்டா மூன்று நாள் முன்னதாக இறந்திருந்தார்.