தராசுக்கு முன்னால் நின்றவர்கள்: ஆளணிப் பொருளியல் பற்றிச் சில குறிப்புகள்

புகலிடம் வந்து பதினோராவது வருடத்தில், பகலில் ஹொட்டேல் அறைகளைத் துப்பரவு செய்துகொண்டே மாலை வகுப்புகளில் ஆளணிப் பொருளியலும் மனிதவள முகாமைத்துவமும் படிக்கத் தொடங்கினேன். ‘அதென்ன படிப்பு?’ என்று எம்மவர் பலர் கேட்டார்கள். எப்படிச் சம்பளம் கொடுத்தால் ஆள் எவ்வளவு வேலை செய்வார், யார் நிற்பார், யார் விலகுவார் என்று கணக்குப் பார்க்கும் படிப்பு என்பேன்.

இத்துறைக்கு உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான எட்வர்ட் லேசியர். சேஃப்லைட் என்ற கார்க்கண்ணாடி நிறுவனம் பற்றி அவர் 2000இல் வெளியிட்ட ஆய்வை எல்லா மாணவரும் படிப்பார்கள். 1994-95 காலப்பகுதியில் அந்நிறுவனம் மணித்தியாலச் சம்பளத்தைக் கைவிட்டு, பொருத்தும் கண்ணாடிக்கு இவ்வளவு என்ற முறைக்கு மாறியது. ஆளொருவரின் உற்பத்தி 44 வீதத்தால் கூடியது. சம்பளம் கூடியதோ ஏறத்தாழ 10 வீதம். உற்பத்தி உயர்வில் பாதியளவு, இருந்தவர்களே விரைவாக வேலை செய்ததால் வந்தது. மிகுதியில் பெரும்பங்கு, விரைவானவர்கள் வந்து சேர்ந்ததாலும் தங்கியதாலும் வந்தது.

இதற்கு முன்கதையாக எமது விரிவுரையாளர் சொன்னது பிரெடெரிக் டெய்லரை. 1911இல் வந்த தனது நூலில் டெய்லர், நாளொன்றுக்கு 12½ தொன் இரும்பு ஏற்றிய தொழிலாளியை 47 தொன் ஏற்றவைத்ததாக எழுதினார். கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 ஆனது. வேலை நாலு மடங்குக்குக் கிட்ட. கூலி இரண்டு மடங்கு கூட இல்லை.

எனக்கு இன்னொரு டெய்லரின் ஞாபகம் வந்தது. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர். என் அம்மாயி மலையகத்தில் கொழுந்து பறித்தவர். நிறுவைத் தராசில் கொழுந்து குறைந்தால் அன்றைக்கு ‘அரைப் பேர்’தான். முழுநாள் நின்ற கால்களுக்கு அரைநாள் சம்பளம். அதற்கும் முன்பு, வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் இத்தனை சதம் என்று கங்காணிக்குத் தோட்டம் காசு கொடுத்தது. ஆளைக் கூட்டிவந்தால் காசு: பாடநூல் ‘ஊக்குவிப்பு’ என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சேஃப்லைட் தொழிலாளி பிடிக்காவிட்டால் வேறிடம் போகலாம். தோட்டத் தொழிலாளியின் கடன் ‘துண்டு’ என்ற காகிதத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கடனைப் புதிய தோட்டம் ஏற்றால்தான் அவர் நகரமுடியும். துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. விலகமுடியாத ஆளிடம் அளவைக் கூட்டினால் அது ஊக்குவிப்பு அல்ல.

இதை நான் நூலில் படித்து உணரவில்லை. இறுதியாண்டு ஒப்படைக்காக, நான் வேலை செய்த ஹொட்டேலில் ஓர் அறைக்கு எத்தனை நிமிடம் என்று அளந்து அறிக்கை எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது. பெருமையில் நிர்வாகத்திடமும் ஒரு பிரதி கொடுத்தேன். இரண்டு மாதத்தில் நாளொன்றுக்கு 13 அறை 16 ஆனது. வேறு வேலை எடுக்கக்கூடியவர்கள் போனார்கள். விசாவுக்குச் சம்பளத் துண்டு காட்டவேண்டிய எம் பெண்கள் நின்றார்கள். கையொப்பமிட்டு வெளியேறியதாகப் பதிந்துவிட்டு, மேலே போய் மிச்ச அறைகளைச் சம்பளமின்றி முடித்தார்கள். என் அட்டவணைப்படி உற்பத்தி கூடியிருந்தது. அந்த மணித்தியாலங்கள் அதில் இல்லை. அவர்களில் ஒரு அக்கா என்னிடம், ‘தம்பி, நீ படிச்சது எங்களை எண்ணவோ?’ என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

பழைய கதை என்று இதை ஒதுக்கமுடியாது. 2009 கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படைச் சம்பளம் 285 ரூபா. வேலை தரப்பட்ட நாட்களில் 75 வீதமாவது வந்தவர்களுக்கு மட்டும் வரவுக் கொடுப்பனவு 90 ரூபா. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து பல நாட்கள் வரமுடியாத மாதத்தில் தாய் இழந்தது இந்தக் கொடுப்பனவைத்தான். 2019 ஒப்பந்தம்வரை இம்முறை நீடித்தது.

இப்படிப்பே வேண்டாம் என்பது என் வாதமல்ல. எம் பிள்ளைகள் படிக்கவேண்டும். அளக்கத் தெரியாதவரை அளக்கிறவர் சுலபமாக ஏமாற்றலாம். ஆனால் எந்த அட்டவணையைப் போடுமுன்னும் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும்: இவர் விலகமுடியுமா? எண்ணப்படாத மணித்தியாலம் எங்கே? இவற்றைக் கேட்காத படிப்பு கங்காணிகளைத்தான் உருவாக்கும். நானும் கொஞ்சக்காலம் ஒருவனாக இருந்தேன். மாற்றுக்கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.