டிரைவ் எழுத்து யாருடையது? கட்டளை வரிப் பிழைகளின் வளர்ச்சி

டிரைவ் எழுத்து முதலில் கருவிக்கு இட்ட பெயராக இருந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் சிபி/சிஎம்எஸ் அமைப்பில் 1960களிலேயே வட்டுகளை எழுத்தால் குறித்தனர். கேரி கில்டால் 1974இல் உருவாக்கிய சிபி/எம் மைக்ரோ கணினிகளில் அந்த வழக்கை நிலைநிறுத்தியது. அதை ஒட்டி டிம் பேட்டர்சன் எழுதிய 86-டாஸை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 1981இல் ஐபிஎம் பிசியோடு டாஸ் வெளிவந்தது. ஏ, பி இரண்டும் பிளாப்பிகளுக்கு. 1983இல் எக்ஸ்டி மாடலில் வந்த 10 எம்பி ஹார்டு டிஸ்க் சி ஆனது. அன்று பிழை வந்தால், எழுத்துக்கு உரிய கருவி இருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

டாஸ் 3 வரிசையில் நெட்வொர்க் வந்தபோது இந்த நேரடித் தொடர்பு அறுந்தது. தொலைவில் இருக்கும் சர்வரின் கோப்புறைக்கும் ஓர் எழுத்து கிடைத்தது. ‘சப்ஸ்ட்’ கட்டளை உள்ளூர்க் கோப்புறையையே தனி டிரைவாகக் காட்டியது. டாஸ் இயல்பாக ஈ வரைதான் இடம் ஒதுக்கியது. அதற்கு அடுத்த எஃப்பில் நோவெல் நெட்வேர் தன் முதல் டிரைவை வைத்தது. சப்ஸ்ட்டுக்கு எழுத்து போதாதபோது கான்ஃபிக்.சிஸ் கோப்பில் ‘லாஸ்ட்டிரைவ்’ வரியைத் திருத்த வேண்டியிருந்தது.

1993இல் வெளியான விண்டோஸ் என்டி, எழுத்தை வெறும் சுட்டியாக்கியது: உண்மையான சாதனப் பெயரைக் காட்டும் குறியீட்டு இணைப்பு அது. 2001இல் எக்ஸ்பி ஒவ்வொரு லாகின் அமர்வுக்கும் தனிச் சுட்டிப் பட்டியல் கொடுத்தது. முதலில் அமர்வின் பட்டியல், அதில் இல்லையென்றால் பொதுப் பட்டியல் என்பது தேடும் முறை. டிரைவ் எழுத்தின் வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம். எஃப் என்ற எழுத்தில் சர்வர் கோப்புறை இருக்கும்போது பென்டிரைவைச் செருகினால், எக்ஸ்பி பொதுப் பட்டியலை மட்டும் பார்த்து அதற்கும் எஃப்பையே கொடுத்துவிட்டது. அமர்வின் எஃப் முன்னால் நின்றதால் பென்டிரைவ் கண்ணில் படவில்லை. பலர் பென்டிரைவே பழுது என்று நினைத்தனர்.

விஸ்டாவின் பயனர் கணக்குக் கட்டுப்பாடு (யூஏசி) சிக்கலை இன்னும் ஆழமாக்கியது. நிர்வாகி உரிமை உள்ளவர் உள்ளே நுழையும்போதே, சாதாரண உரிமைக்கு ஒன்றும் முழு உரிமைக்கு ஒன்றுமாக இரண்டு அமர்வுகள் உருவாகின்றன. ஒரு சர்வர் கோப்புறைக்கு இசட் எழுத்தைக் கொடுத்து (மேப் செய்து) வைத்திருப்பதாகக் கொள்வோம். சாதாரணக் கட்டளைச் சாளரத்தில், இணைப்புகளைப் பட்டியலிடும் ‘நெட் யூஸ்’ கட்டளையைத் தட்டினால் இசட் டிரைவுக்கு நேரே ‘ஓகே’ தெரியும். அதே ஆள், அதே கணினியில், ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ வழியாகத் திறந்த சாளரத்தில் ‘இசட்:’ என்று தட்டினால் அந்த டிரைவ் இல்லை என்று பதில் வரும். நிலையான இணைப்பு பயனரின் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகியிருப்பதால், அங்கும் ‘நெட் யூஸ்’ பட்டியலில் இசட் இருக்கும். நிலை மட்டும் ‘அன்அவைலபிள்’. கேபிளையும் சர்வரையும் சோதிப்பது இங்கே வீண் வேலை. உயர் உரிமைச் சாளரத்திலேயே மீண்டும் மேப் செய்யலாம். அல்லது ரெஜிஸ்ட்ரியில் ‘எனேபிள்லிங்க்டுகனெக்ஷன்ஸ்’ மதிப்பை 1 ஆக்கி கணினியை மறுதொடக்கம் செய்யலாம். இரண்டாவது வழி, யூஏசி வேண்டுமென்றே போட்ட பிரிவைத் தளர்த்துவது என்பதால் யோசித்தே கைக்கொள்ளத்தக்கது.

ஆகவே எந்த அமர்வு கேட்கிறது என்பதை உறுதிசெய்த பிறகே பிழை எண்ணுக்குப் போக வேண்டும். 53 என்றால் சர்வரையே எட்ட முடியவில்லை: பெயர் தவறாக இருக்கலாம், 445ஆம் போர்ட் அடைபட்டிருக்கலாம். 67 வந்தால் பெரும்பாலும் பகிர்வுப் பெயரில் பிழை. 85 என்பது எழுத்து ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளதைக் குறிக்கும். ‘நெட் யூஸ் இசட்: /டெலீட்’ அதை விடுவிக்கும், சப்ஸ்ட் பிடித்திருந்தால் ‘சப்ஸ்ட் இசட்: /டி’. 1219, ஒரே சர்வருக்கு இரண்டு பயனர் பெயர்களில் இணைய முயன்றதன் விளைவு. பழைய இணைப்புகளை நீக்காமல் புதியது ஏறாது.

டாஸ்க் ஷெட்யூலரில் ஓடும் பேட்ச் கோப்புகள் வேறு அமர்வில் இயங்குவதால், பயனர் மேப் செய்த எழுத்தை நம்பக்கூடாது. சர்வர் பெயரோடு கூடிய முழுப் பாதையை எழுதுவதே சரி. ஆனால் கட்டளைச் சாளரத்தின் சிஎம்டி அத்தகைய பாதையை நடப்புக் கோப்புறையாக ஏற்காது. அந்த இடத்தில் ‘புஷ்டி’ உதவுகிறது: இசட்டிலிருந்து பின்னோக்கி வந்து காலியான எழுத்தைத் தானே எடுத்து மேப் செய்கிறது, வேலை முடிந்ததும் ‘பாப்டி’ அந்த எழுத்தை விடுவிக்கிறது.