மலாக்காவின் பொற்கொல்லர் தெரு



நம்மவர் இந்நாட்டுக்கு எப்போது வந்தனர் என்று தோட்டத்துப் பிள்ளைகளைக் கேட்டால், "பால் வெட்ட வந்தோம்" என்பார்கள். நம் குடும்பங்களில் பலவற்றுக்கு அது உண்மைதான். ஆனால் அதற்கும் முற்பட்ட கதை ஒன்று உண்டு. அதைக் காண இன்று மலாக்காவுக்குச் செல்வோம்.

வெயில் ஏறுமுன் செயின்ட் பால் குன்றில் ஏறிவிடலாம். உச்சியில் கூரையில்லாத தேவாலயம் நிற்கிறது. 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் 1521-இல் இங்கே சிற்றாலயம் எழுப்பினர். புனித சவேரியாரின் உடல் 1553-இல் சில மாதங்கள் இங்கே புதைக்கப்பட்டிருந்து, பிறகு கோவாவுக்குச் சென்றது. குன்றின் அடியில் நிற்கும் சிவப்புத் தேவாலயம், 1641-இல் நகரைப் பிடித்த டச்சுக்காரருடையது. 1753-இல் கட்டி முடித்தார்கள். உள்ளே அண்ணாந்து பாருங்கள். உத்தரம் ஒவ்வொன்றும் ஒரே மரத்தில் அறுத்தது.

இனி பாலத்தைக் கடந்து பொற்கொல்லர் தெருவுக்கு வருவோம். இங்குதான் நாம் நின்று பார்க்க வேண்டும்.

ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி கோயில் 1781-இல் எழுந்தது. நிலம் டச்சு அரசு கொடுத்தது. கட்டியவர்கள் மலாக்கா செட்டிகள். சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து துணிமணி கொண்டுவந்து விற்று, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட வணிகர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். மலாயாவில் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1896-இல் இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில் போடப்பட்டது. அப்போது இக்கோயிலுக்கு வயது 115!

சில அடி நடந்தால் கம்போங் கெலிங் பள்ளிவாசல். இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748-இல் மரத்தால் கட்டினர். 1872-இல் செங்கல்லால் புதுப்பிக்கப்பட்டது. குவிமாடம் இல்லை; மூன்றடுக்குக் கூரையும், சீனக் கோபுரம்போன்ற மினாராவும் உண்டு. பெயரைக் கேட்டு முகம் சுளிப்போர் இருக்கிறார்கள். அச்சொல்லை ஏச்சாகக் கேட்டவர்கள் நாம். ஆயினும் கலிங்கம் என்பதிலிருந்து வந்த அச்சொல், பழைய மலாய் நூல்களில் தென்னிந்தியரை இழிவின்றிக் குறித்தது.

அடுத்து, பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனக் கோயில். குவான் யின் அம்மன் முன் ஊதுவத்திப் புகை ஓய்வதில்லை.

போர்த்துகீசியர் பள்ளிவாசல் கற்களைப் பெயர்த்துக் கோட்டை கட்டியவர்கள். பின்வந்த டச்சுக்காரரோ பிற மதத்தார்க்கு இடம் விட்டனர். பெருந்தன்மை மட்டும் காரணம் என்று நாம் நினைக்கவில்லை. வணிகர்கள் போய்விட்டால் துறைமுகத்தில் வரி ஏது?

மாலைப் பேருந்துக்கு நேரமிருந்தால் காஜா பெராங்கிலுள்ள செட்டிக் கிராமத்தையும் பாருங்கள். 1822-ஆம் ஆண்டு மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. பொங்கலும் வைக்கிறார்கள். ஆனால் பாட்டிமாரிடம் தமிழில் பேசினால், பெரும்பாலும் மலாயில்தான் பதில் வரும்.