லாஸ் ஏஞ்சலஸ்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், பசிபிக் கடலுக்கும் சான் கேப்ரியல் மலைகளுக்கும் இடையே பரந்து கிடக்கும் பெருநகரம். பரப்பு ஏறத்தாழ 1,300 சதுர கி.மீ. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 39 லட்சம். நாட்டில் நியூயார்க்குக்கு அடுத்த இடம். சான்டா மோனிக்கா மலைத்தொடர் நகரின் குறுக்கே ஓடி, வடக்கிலுள்ள சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கை நகரின் மற்ற பகுதிகளிலிருந்து பிரிக்கிறது.

டோங்வா பழங்குடியினரின் இந்நிலத்தில் 1781இல் ஸ்பானிய ஆட்சி 44 பேரைக் குடியமர்த்தியது. பின்னர் இவ்வூர் மெக்சிகோவிடமும், 1848 முதல் அமெரிக்காவிடமும் வந்தது. 1876இல் ரயில், 1892இல் எண்ணெய், அடுத்து ஹாலிவுட் என வளர்ச்சி வேகமெடுத்தது. திரைத்துறையின் பெயரே வெளியில் பெரிதாகத் தெரிந்தாலும், துறைமுகமும், ஒரு காலத்தில் விமானத் தயாரிப்பும் பொருளாதாரத்தின் பெருந்தூண்கள். நகரில் ஓடிய டிராம் வண்டிகள் 1963இல் அடியோடு நின்றுபோனது பெரும் பிழை. மெட்ரோ ரயில் 1990இல்தான் வந்தது.

இந்நகரின் வரலாறு தண்ணீரின் வரலாறு. பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட் கட்டிய கால்வாய் 1913இல் திறக்கப்பட்டது. வடக்கே தொலைவிலுள்ள ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீர் சுமார் 370 கி.மீ. தூரத்தைப் பம்பு எதுவுமின்றி, நிலத்தின் சரிவிலேயே கடந்து வந்தது. அந்த நீருக்காகவே சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கின் பெரும்பகுதி 1915இல் நகரோடு இணைந்தது. நகரின் பரப்பு ஒரேயடியாகப் பெருகியது. ஓவன்ஸ் உழவர்களோ வாழ்விழந்தார்கள். 1920களில் ஓவன்ஸ் ஏரி வற்றி, உப்புப் புழுதி கிளம்பியது. அதை அடக்க, அந்த ஏரிப்படுகையில் நகர நிர்வாகம் இன்றும் தண்ணீர் பாய்ச்சி வருகிறது.