அடைக்கலம் யாருக்கு?



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டு அமர்வது வழக்கம். நாம் நினைவுகூரும் தோழருக்குப் புகழ்ச்சி பிடிக்காது. மனு எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக்கொடுத்தே வாழ்நாளைக் கழித்தவர் அவர். ஆகவே ஒரு மனுவில் எழுதவேண்டிய செய்தியையே இன்று பேசுகிறேன்: ஊர், சட்டம், துப்பாக்கி.

என் சிறுவயதில், நாமக்கல் பக்கத்து ஊரொன்றில், பண்ணையக்காரர் வீட்டு ஆசாரத்துச் சுவரில் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி மாட்டியிருக்கும். அம்மா கூலி வாங்கப் போகும்போது நானும் போய் வாசலுக்கு வெளியே நின்று அதைப் பார்ப்பேன். அது வெடித்து நான் கேட்டதில்லை. ஆனால் கூலி குறைந்தபோது அம்மா ஒருமுறைகூட வாய்திறந்து கேட்டதில்லை. சுவரில் தொங்கியபடியே அந்தத் துப்பாக்கி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது என்பது சமூகவியல் படித்தபிறகுதான் எனக்குப் புரிந்தது.

அமெரிக்காவில் ஒரு தீர்மானம்

2018 ஏப்ரலில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து எஃபிங்ஹாம் மாவட்ட நிர்வாகம் ஒரு தீர்மானம் போட்டது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் அரசமைப்புக்கு எதிரானவை, எங்கள் மாவட்டம் துப்பாக்கி உரிமையின் சரணாலயம் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு நவம்பரில் வர்ஜீனியா சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சி வசமானதும், கட்டுப்பாடு வரப்போகிறது என்ற அச்சத்தில் அந்த மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்கள் இதேபோல் தீர்மானம் நிறைவேற்றின. மிசூரி மாநிலம் 2021இல் இதைச் சட்டமாகவே இயற்றியது. 2023இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. ஆரிகன் மாநிலத்தில் கொலம்பியா மாவட்டம் இயற்றிய விதியையும் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் தள்ளிவிட்டது.

சரணாலயம் என்ற சொல் அங்கே எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். 1980களில் மத்திய அமெரிக்க நாடுகளின் போர்களிலிருந்து உயிர்தப்பி ஓடிவந்த ஏழைகளுக்குத் தேவாலயங்கள் அடைக்கலம் கொடுத்தன. அவர்களைப் பிடித்துத் தரமாட்டோம் என்று சில நகரங்களும் அறிவித்தன. கையில் ஒன்றுமில்லாத அகதிக்கான சொல், துப்பாக்கி வைத்திருப்பவருக்கான சொல்லாக மாறிவிட்டது. அடைக்கலம் என்பது நம் மொழியிலும் நாதியற்றவருக்கான சொல்தானே?

வர்ஜீனியாவுக்கு இதில் பழைய கணக்கு உண்டு. கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளைக் குழந்தைகளையும் ஒரே பள்ளியில் சேர்க்கவேண்டும் என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் தீர்ப்புக்குப் பணிவதைவிட மேல் என்று 1959இல் எல்லா அரசுப் பள்ளிகளையும் பூட்டியது. வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி தயாரானது. கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் 1964வரை பள்ளி இல்லாமல் கிடந்தார்கள். உள்ளூரின் சுயாட்சி என்று பேசியவர்கள் ஐந்து ஆண்டுகள் செய்தது இது.

நம் ஊரின் தீர்மானங்கள்

இதைப் படித்தபோது எனக்குப் பாப்பாபட்டி நினைவுக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. 1996 தேர்தலில் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியார் கூடி, அந்தச் சட்டம் எங்கள் ஊரில் செல்லாது என்று முடிவு செய்தார்கள். வேட்புமனு போட ஆள் இல்லாமல் செய்தார்கள். மனு போட வைத்தால் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். பத்து ஆண்டுகள் இப்படியே போயின. 2006 அக்டோபரில்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் அமர்ந்தார்கள். அதற்குள் மேலவளவில், ஒதுக்கீட்டில் வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டிருந்தார்கள்.

அமெரிக்க மாவட்டம் தீர்மானத்தை எழுதிக் கையெழுத்திட்டு வெளியிட்டது. நம் ஊர் எழுதவில்லை. கோயில் முன்னால் கூடி, வாய்ச்சொல்லாக முடித்தது. எழுதிய தீர்மானத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். எழுதாத கட்டுப்பாட்டை எந்தத் தாளைக் காட்டி எதிர்ப்பது? 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிக் கடுமையாகப் பேசியதையும், கிராமத்தை விட்டுத் தனிமனிதரை அரசமைப்பின் அலகாகக் கொண்டதில் மகிழ்ச்சி தெரிவித்ததையும் இந்த இடத்தில் வைத்துப் படிக்கவேண்டும்.

துப்பாக்கி யாரிடம் இருந்தது

சேலம் சீமையும் பாராமகாலும் 1792இல் திப்புவிடமிருந்து கம்பெனியின் கைக்கு வந்தன. பாளையக்காரர்களின் எழுச்சியை அடக்கியபின், 1801 டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து, பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் அறிவிப்புச் செய்தார். 1857க்குப் பிறகு கட்டுப்பாடு இன்னும் இறுகியது. லிட்டன் காலத்தில் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியருக்கு உரிமம் கட்டாயம். ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் விலக்கு. பட்டம் பெற்ற பெருநிலக்காரர்களுக்கும் விதிகளின்வழி விலக்கு கிடைத்தது.

குடகின் கதை இதில் தனி. ஆங்கிலேயருக்கு விசுவாசமாக இருந்தார்கள் என்பதற்காகக் குடகர்களுக்கு 1861இல் விலக்கு அளிக்கப்பட்டது. சுதந்திர இந்தியாவின் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்கீழ் அது இன்றும் தொடர்கிறது. விலக்குப் பெறுபவர் யார்? குடகு இனத்தவரும், ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உடையவர்களும். பிறப்பும் நிலமும் சேர்ந்து துப்பாக்கிக்குத் தகுதி ஆகின்றன. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் இந்த விலக்கைச் செல்லும் என்றது. இந்தியாவில் துப்பாக்கிச் சரணாலயம் உண்டா என்று கேட்டால், சட்டமே உருவாக்கிய சரணாலயம் நமக்கு அண்டை மாநிலத்தில் இருக்கிறது.

நம்மவர்கள் ஆயுதம் தொடாதவர்கள் என்பதும் பொய். மதராஸ் படையின் சாப்பர் பிரிவில் பறையர்கள் ஏராளமாகப் பணிபுரிந்தார்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி, படையில் சுபேதார். போர்க்குடிகள் என்று சில சாதிகளை மட்டும் பொறுக்கியெடுக்கும் கொள்கை 1890களில் வலுத்தபோது மகர்களுக்குப் படையின் கதவு மூடப்பட்டது. மகர் ரெஜிமெண்ட் உருவாக 1941வரை காத்திருக்கவேண்டியிருந்தது. போருக்குத் தேவைப்பட்டபோது கொடுத்து, ஊருக்குத் திரும்பும்போது பிடுங்கிக்கொண்டார்கள்.

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வரலாறும் இதே தடத்தில்தான் போகிறது. அடிமைமுறை ஒழிந்த 1865இலேயே, விடுதலை பெற்றவர் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்று மிசிசிப்பி சட்டம் போட்டது. 1956இல் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். அவர் கைத்துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். உள்ளூர் அதிகாரிகள் மறுத்தார்கள். 1967இல் ஓக்லாந்தில் கருஞ்சிறுத்தைகள் சட்டப்படியே துப்பாக்கியோடு தெருவில் ரோந்து வந்தபோது, கலிபோர்னியா அவசரமாகத் தடைச் சட்டம் இயற்றியது. கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன். துப்பாக்கி உரிமை யாருக்கு உரிமை, யாருக்குக் குற்றம் என்பதை எப்போதும் தோலின் நிறம் முடிவு செய்திருக்கிறது.

எழுத்தில் உள்ள சட்டம்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உரிமம் மறுக்கக்கூடாது என்கிறது. நல்ல வாசகம். அதற்கு முந்தைய 13ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கு உண்மையாகவே தேவைப்படுபவருக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரவேண்டும் என்கிறது. பயிர் இருப்பவர் பன்றியைக் காட்டிக் கேட்கலாம். அந்தப் பயிரில் களையெடுப்பவர் எதைக் காட்டிக் கேட்பது? தன்னைத் துரத்தும் மனிதர்களைக் காட்டினால் அலுவலகம் ஏற்குமா?

ஏற்கவேண்டும் என்று சொல்லும் ஒரு விதி இருக்கிறது. நம்மில் பலர் அதைப் படித்ததில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 1995இல் வந்தன. மூன்றாவது விதி சொல்வது இது: வன்கொடுமை நடக்கலாம் என்று நம்பக் காரணமுள்ள பகுதிகளை மாநில அரசு அடையாளம் காணவேண்டும். தேவையெனக் கருதினால், அந்தப் பகுதியில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யவேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைக் கைப்பற்றவேண்டும். தேவையெனக் கருதினால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உயிர், உடைமைப் பாதுகாப்புக்காக ஆயுத உரிமம் வழங்கவேண்டும்.

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அரசு நினைத்தால் சில வாரங்களில் மாவட்டம் முழுவதும் செய்யமுடிகிற வேலை இது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். வாக்குப் பெட்டிக்குக் கிடைக்கிற அந்தப் பாதுகாப்பு, வாக்குப் போட்டவருக்கு ஏன் கிடைப்பதில்லை என்பதே நம் கேள்வி.

நம் சமவெளியில்

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் துப்பாக்கி வெடிப்பது அரிது. இங்கே சட்டத்தை நிறுத்திவைக்கும் கருவி வேறு. அதற்கு அமைதிப் பேச்சுவார்த்தை என்று பெயர். திருவிழா வந்தால், கோயில் நுழைவு என்றால், இரு தரப்பையும் உட்காரவைத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். உரிமை கேட்டவரும் உரிமையைத் தடுத்தவரும் அந்தத் தாளில் சமமான இரு தரப்புகள் ஆகிவிடுவார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் எழுத்தாளர் பெருமாள்முருகனிடம் இப்படித்தான் கையெழுத்து வாங்கப்பட்டது. அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பெயர்பெற்ற எழுத்தாளருக்கே ஒன்றரை ஆண்டுகள் ஆயின. காலனியிலிருந்து வந்து கைநாட்டு வைத்தவருக்கு எத்தனை ஆண்டுகள் ஆகும்?

அதே 2015 ஜூனில், ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குச் சக மாணவியோடு போனதற்காகக் கடத்தப்பட்டு, மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தக் கோயில் பொதுக் கோயில்தான். யார் யாரோடு நடக்கலாம் என்று மட்டும் எழுதாத சட்டம் ஒன்று அங்கே நடப்பில் இருந்தது. 2024 மே மாதம் ஓமலூர் அருகே தீவட்டிப்பட்டியில் கோயில் வழிபாட்டுத் தகராறில் கடைகள் எரிந்தபோது அது இன்னும் நடப்பில் இருக்கிறது என்று தெரிந்தது.

இரண்டு மறுப்புகள்

ஒரு மாணவர் கேட்கலாம்: ஊர் தீர்மானம் போடுவதே தவறா? இல்லை. 2013இல் ஒடிசாவின் நியமகிரியில் 12 கிராம சபைகள் கூடி, எங்கள் மலையை வெட்டக்கூடாது என்று முடிவெடுத்தன. 1850களில் அமெரிக்காவின் வட மாநிலங்கள் சில, தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கும் சட்டத்துக்கு ஒத்துழைக்க மறுத்தன. இவையும் மேலிருந்து வந்த அதிகாரத்துக்கு எதிரானவைதான். ஆகவே தீர்மானத்தை எடைபோட ஒரு கேள்வி போதும்: அந்த ஊரிலேயே மிகவும் பலவீனமானவருக்கு அது நிழல் தருகிறதா, அவரைத் துரத்துபவருக்கு நிழல் தருகிறதா? கிராம சபையில் காலனிக்காரர் எழுந்து பேசமுடியாத ஊரில், ஊர் என்ற சொல்லே பாதி மக்களை விழுங்கிவிடுகிறது.

இன்னொருவர் கேட்கலாம்: எங்களை ஆயுதம் ஏந்தச் சொல்கிறீர்களா? இல்லை. 1927 மார்ச்சில் மகாடு குளத்தில் நீரருந்தியவர்களைச் சாதியினர் தாக்கியபோது, திருப்பி அடிக்கத் துடித்தவர்களை அம்பேத்கர் கட்டுப்படுத்தினார். அந்தக் கூட்டத்தில் படையில் பணியாற்றியவர்களும் இருந்தார்கள். அடிக்கத் தெரியாததால் அடிக்காமல் இருந்தவர்கள் அல்லர் அவர்கள். அரசின் துப்பாக்கியையும் நான் கண்மூடி நம்பச் சொல்லவில்லை. 1992இல் நமக்குப் பக்கத்து வாச்சாத்தியில் 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானது சீருடை அணிந்தவர்களால்தான். என் கோரிக்கை, மூன்றாவது விதியின் முதல் பாதியைப் பற்றியது. நம் கைக்குத் துப்பாக்கி வருவதைவிட, அவர்கள் சுவரிலிருந்து அது இறங்குவது முக்கியம்.

செய்யவேண்டியது

மாணவர்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் மாவட்ட ஆட்சியருக்கு நான்கு கேள்விகள் எழுதுங்கள். மாவட்டத்தில் வன்கொடுமை நடக்கலாம் என்று அடையாளம் காணப்பட்ட ஊர்கள் எவை? அந்த ஊர்களில் ஆயுத உரிமங்கள் எத்தனை? மூன்றாவது விதியின்கீழ் ரத்தானவை எத்தனை, வழங்கப்பட்டவை எத்தனை? மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தெந்த நாளில் கூடியது? பதில் வந்தால் அது வரலாறு. வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். வராத பதிலும் ஆவணம்தான்.

2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் ஊராட்சித் தலைவர் தரையில் அமரவைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது. 2022இல், தலித் தலைவர்கள் சுதந்திர தினத்தன்று தேசியக் கொடி ஏற்றுவதைத் தடுக்கக்கூடாது என்று தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதவேண்டியிருந்தது. அரசமைப்பு நடப்புக்கு வந்து 72 ஆண்டுகள் கழித்து, ஒரு நாற்காலிக்கும் ஒரு கொடிக்கயிறுக்கும் கோட்டையிலிருந்து கடிதம் போகவேண்டிய நாடு இது.

என் அம்மா அந்தத் துப்பாக்கியைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. நான் கேட்டதும் இல்லை. மூன்றாவது விதியை முதன்முதலில் எனக்குக் காட்டியவர் நம் தோழர்தான். மனுவின் ஓரத்தில் பென்சிலால் அந்த எண்ணை எழுதி, இதைப் படித்துவிட்டு வா என்றார். படித்துவிட்டு வந்தேன். இப்போது உங்களிடம் கொடுக்கிறேன்.